எங்கள் செட்டின் மடல்: எழுபதுக்குப் பிறகு உடன் படித்தவர்களின் செய்தியைச் சேகரிப்பது எப்படி

என் விடுதி அறைத்தோழி இறந்த செய்தி நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் நாள் தவறாமல் காலை வணக்கப் படங்கள் வரும், அவளும் அனுப்புவாள். ஒரு நாள் அவளுடைய படம் வருவது நின்றுபோனது. மற்றவர்களின் படங்கள் வந்துகொண்டே இருந்ததால் நான் கவனிக்கவில்லை. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல அவளை அழைத்தேன். எடுத்தவர் அவளுடைய கணவர். "உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா அம்மா?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் எங்கள் செட்டின் செய்தியைச் சேகரித்து எழுதும் வேலையை எடுத்துக்கொண்டேன். ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு மடல்; இதுவரை 28 மடல்கள். எனக்கு வயது 74, 31 ஆண்டுகள் நூலகராக வேலை பார்த்தவள். வேதியியல் வகுப்பில் நாங்கள் 41 பேர். ஒன்பது பேர் மறைந்துவிட்டார்கள், இருவரை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. மீதி 30 பேரின் செய்தி மடலில் வருகிறது. உங்கள் வகுப்பிலும் யாராவது ஒருவர் இதைச் செய்தாக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பெயரேடு

இறுதியாண்டுக் குழுப்படம் கையில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். கீழே பெயர்கள் அச்சாகியிருந்தாலும் அவற்றை முழுவதும் நம்ப வேண்டாம். படம் எடுத்த அன்று வராதவர்கள் இருப்பார்கள். எங்கள் படத்தில் இருவரின் பெயர் இடம் மாறியும் இருந்தது. படத்தைவிட நல்ல துணை, வருகைப் பதிவேட்டின் வரிசை. ஐம்பது ஆண்டு கழித்தும் அது காதில் ஒலிக்கும். மூன்று பேரைத் தொலைபேசியில் ஒன்றாக இணைத்து, எண் வரிசையில் பெயர் சொல்லச் சொன்னேன். ஒருத்தி 17 வரை வந்து நின்றாள்; அடுத்தவர் 18-ஐப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் 38 பெயர்கள் வந்துவிட்டன.

மீதி மூவர் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். பதிவேட்டிலும் இல்லை, படத்திலும் இல்லை. அவர்களைத் தேடுவதில்தான் நான் அதிகம் பிடிவாதம் காட்டினேன். முதலாண்டு முடிவில் குடும்பக் கஷ்டத்தால் கல்லூரியை விட்டுப் போன ஒருவரை இரண்டு ஆண்டு தேடிக் கண்டுபிடித்தபோது, "நான் பட்டம் வாங்கவில்லையே, என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார். ஓராண்டு உடன் உட்கார்ந்தவரும் உடன் படித்தவர்தான். இந்த விஷயத்தில் வேறு கருத்துக்கே நான் இடம் கொடுப்பதில்லை.

படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பின்புறம் பெயர் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பேனாவின் முனை அழுந்தினால் முன்பக்கத்தில் தடம் தெரியும்; மையும் நாளடைவில் ஊறி இறங்கும். ஸ்கேனரில் நகல் எடுக்கும்போது அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தால் கடைசி வரிசை முகங்களையும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

ஒருவருக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் புத்தகம் போடுங்கள். பெயர், கல்லூரியில் அழைத்த பெயர், திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் அதுவும், தொலைபேசி எண், பேச வசதியான நேரம், எந்தக் காது நன்றாகக் கேட்கும், கடைசியாகப் பேசிய நாள். கணினியில் வைத்துக்கொள்கிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். நான் நோட்டைத்தான் நம்புகிறேன், ஏனென்றால் நான் இல்லாத நாளில் கடவுச்சொல் தெரியாமலே அதை யாரும் திறந்து பார்க்க முடியும்.

அந்தப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான வரி ஒன்று உண்டு: இரண்டாவது எண். மகளோ மகனோ, அண்டை வீட்டுக்காரரோ, தங்கியிருக்கும் இல்லத்தின் பொறுப்பாளரோ யாருடையதாகவும் இருக்கலாம். இதைக் கேட்கப் பலருக்குத் தயக்கம் வரும், சாவைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடுமோ என்று. நான் நேராகவே கேட்கிறேன்: "மூன்று நாள் தொடர்ந்து அழைத்தும் நீ எடுக்காவிட்டால் நான் யாரைக் கேட்பது?" இதுவரை ஒருவரும் வருத்தப்பட்டதில்லை. ஒருவர் மட்டும் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னைத் தேட ஒருவர் இருப்பது நல்லதுதான்" என்றார். அவருடைய பக்கத்தில் அந்த வரி அதுவரை வெறுமையாகவே இருந்தது. இப்போது அங்கே என் எண்ணையே எழுதிவைத்திருக்கிறேன்.

அழைத்துப் பேசுவது

30 பேர், 90 நாள். மூன்று நாளுக்கு ஒரு அழைப்பு என்றால் வேலை தானாக நடக்கும். மடல் அனுப்பும் வாரத்தில் எல்லோரையும் ஒன்றாக அழைக்கத் தொடங்கினால் நான்காவது அழைப்பிலேயே உங்கள் குரலில் அவசரம் ஏறிவிடும்.

"உங்கள் செய்தியை அனுப்புங்கள்" என்று குழுவில் பொதுவாகக் கேட்டால் எப்போதும் எழுதுகிற நால்வர்தான் எழுதுவார்கள். எழுதாமல் இருப்பவர்களிடம்தான் செய்தி இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, 268 கல்லூரி மாணவர்களை முதுமை வரைக்கும் பின்தொடர்ந்தது. பிற்பாடு நகரத்து எளிய குடும்பங்களைச் சேர்ந்த 456 பேரும் அதில் சேர்ந்தார்கள். ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பதில் நலமாக இருந்தார்கள், அந்த வயதின் கொழுப்பின் அளவைவிட இதுவே நன்றாக முன்னறிவித்தது என்பதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பாடமாக இருந்தது அவர்கள் வேலை செய்த விதம். இரண்டாண்டுக்கு ஒரு முறை கேள்வித்தாள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆளைப் பார்த்துப் பேசினார்கள். ஒரு தலைமுறை ஆய்வாளர் ஓய்வுபெற்றதும் அடுத்தவர் தொடர்ந்தார். திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதால்தான் அவ்வளவும் கிடைத்தது.

எங்கள் வயதில் தொலைபேசிப் பேச்சுக்குத் தனிப் பழக்கம் வேண்டும். முதுமையில் செவித்திறன் குறையும்போது உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் போகின்றன. உயிரெழுத்துகளின் கனத்த ஒலி கேட்கும். க, ச, த போன்றவற்றின் கூர்மை மங்கிவிடும். "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். பழைய தரத் தொலைபேசி இணைப்போ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்துகிறது. 'ச' போன்ற ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே வெட்டுப்பட்டுவிடும். ஆகவே கத்துவதால் பயன் இல்லை. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் பேசுங்கள். எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு சொல் புரியவில்லை என்றால் அதையே மூன்று முறை சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். காணொலி அழைப்பு என்றால் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். உதட்டைப் பார்த்துப் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்பவர்கள் எங்கள் செட்டிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள்.

உங்கள் பெயரை நீங்களே முதலில் சொல்லுங்கள். வயதாகும்போது நாக்கு நுனிவரை வந்து நழுவுவது பெரும்பாலும் பெயர்கள்தான். "நான் யார், சொல் பார்க்கலாம்" என்று யாரையும் சோதிக்காதீர்கள். மறதி நோய் வந்தவர்களிடம் அது கொடுமை. எங்கள் தோழி ஒருத்திக்கு இப்போது என் பெயர் தெரியாது. நான் என் பெயரைச் சொல்லி, ஆய்வகத்தில் அடுத்தடுத்த மேசையில் நின்றோம் என்று தொடங்குவேன். அவள் குரல் மலரும். அந்த மலர்ச்சியையே மடலில் எழுதுகிறேன். அவளைக் கவனித்துக்கொள்ளும் கணவரிடமும் பத்து நிமிடம் பேசுவேன். வீட்டு அலமாரிகள் ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் படமாக வரைந்து ஒட்டியிருக்கிறார் அந்த மனிதர். அவருடைய உழைப்பும் எங்கள் செட்டின் செய்திதான்.

கேள்விகள்

"எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் "இருக்கிறேன்" என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது. நான் கேட்பவை வேறு. இன்று காலை எழுந்ததும் முதலில் என்ன செய்தாய்? இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து என்ன தெரிகிறது? சென்ற முறை பேசியதற்குப் பிறகு எதை விட்டாய், எதைத் தொடங்கினாய்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் கேட்ட பதில்களை வைத்தே ஒரு மடல் எழுதலாம். 71 வயதில் நீச்சல் கற்றுக்கொண்டார் ஒருவர். இரவில் கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன், அது எனக்குப் பெரிய துக்கம் என்றார் இன்னொருவர். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் அக்கம்பக்கத்துச் சுவர்க் கடிகாரங்களைப் பழுதுபார்க்கிறார். மேசையில் எப்போதும் நான்கைந்து கடிகாரங்கள் வெவ்வேறு மணி காட்டும் என்றார்.

"எனக்கென்ன செய்தி இருக்கிறது?" என்ற வாக்கியம் எல்லோரிடமும் வரும். பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவரும் இதையே சொல்கிறார், ஒருநாளும் சம்பளத்துக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டவளும் இதையே சொல்கிறாள். முன்னவருக்கு அடையாள அட்டையோடு செய்தியும் போய்விட்டது என்ற எண்ணம். பின்னவளுக்குத் தன் வேலையைச் செய்தியாக யாரும் கேட்டதே இல்லை. இருவரிடமும் நான் சொல்வது, "நேற்று என்ன நடந்தது என்று சொல், செய்தியா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்."

பேச்சு கல்லூரி நாட்களுக்குத் திரும்பத் திரும்ப ஓடும். ஓடட்டும். ஏறக்குறைய பத்து முதல் முப்பது வயது வரை நடந்தவை முதுமையில் மற்ற ஆண்டுகளைவிட அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்டது. முதியவர்கள் பழையதைப் பேசுவது அறிவுத் தளர்ச்சி அல்ல, தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எடைபோடும் இயல்பான வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-இலேயே எழுதினார். பத்து நிமிடம் பழைய கதை, பிறகு மெல்ல இன்றைக்கு அழைத்து வருவது என்பது என் வழக்கம். சில நாள் அந்தப் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகும். அந்த நாளில் மடலுக்குத் தேவையானதைக் கேட்க மறுபடி அழைப்பேன்.

எழுதுவது

எல்லோருக்கும் ஐந்தாறு வரி. துறைத் தலைவராக இருந்தவருக்கும் அதே ஐந்தாறு வரிதான். வரிசை அகர வரிசை. பெயருக்கு முன்னால் பட்டம் போடுவதில்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் சாதனைக்கு ஒரு வரி. இந்தக் கட்டுப்பாட்டை முதல் மடலிலேயே அறிவித்துவிடுங்கள், பிறகு அறிவித்தால் யாரோ ஒருவரை மனதில் வைத்துச் சொன்னதாக ஆகிவிடும்.

முதல் மடலில் நான் இப்படி எழுதினேன்: "நமது நண்பர் ஓய்வுக்குப் பிறகும் சுறுசுறுப்பாக இயங்கி வருகிறார்." இப்போது அதே நண்பரைப் பற்றி இப்படி எழுதுவேன்: "முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடிக்குப் போவதில்லை. புத்தகங்களை மகன் கீழே இறக்கித் தந்துவிட்டார். கெட்டுப்போன மேசை விளக்கை இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்ததாகச் சொல்லும்போது குரலில் அந்த நாளைய ஆய்வகப் பெருமை இருந்தது." முதலாவது யாருக்கும் பொருந்தும். இரண்டாவதைப் படித்துவிட்டு நான்கு பேர் அவரை அழைத்து விளக்கைப் பற்றி விசாரித்தார்கள்.

எழுதியதை அனுப்பும் முன் உரியவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுங்கள். இதை ஒருமுறை செய்யாமல் விட்டதால் ஒரு நண்பருக்குப் பெரிய வருத்தம் ஏற்படுத்தினேன். அவருக்கு வந்திருந்த நோயின் பெயரை, அவர் என்னிடம் இயல்பாகச் சொன்னதை வைத்து, மடலில் எழுதிவிட்டேன். மூன்று நாளில் 14 பேர் அவரை அழைத்தார்கள். ஓர் அழைப்பை எடுத்தது வெளியூரிலிருந்து வந்திருந்த அவருடைய மகள். அவளுக்கு அதுவரை தெரியாது. "என் மகளுக்கு நானே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்ல நினைத்திருந்தேன்" என்றார். கோபப்படவில்லை. அதன்பின் நோய்ச் செய்தி எதுவானாலும் மூன்று கேள்வி கேட்காமல் எழுதுவதில்லை: எழுதலாமா, எந்தச் சொல்லால் எழுதுவது, படித்தவர்கள் உன்னை அழைக்கலாமா? மூன்றாவது கேள்விக்கு "வேண்டாம், கடிதம் எழுதட்டும்" என்று பலர் சொல்கிறார்கள். அப்படியே மடலில் போடுகிறேன். படிப்பவர்களும் மதிக்கிறார்கள்.

மறைவு

குழுவில் வந்த தகவலை ஒருபோதும் அப்படியே நம்பி மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். இரண்டாவது எண் இதற்காகத்தான் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவரிடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, நெருங்கிய நால்வரை அழைத்துச் சொல்லிய பிறகே குழுவில் போடுங்கள். ஐம்பதாண்டு நண்பனின் மறைவை ஒருவர் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் பார்க்க நேரக் கூடாது.

அஞ்சலிக் குறிப்பு எழுதும்போது பிறந்த தேதி, பதவிகள், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் குடும்பத்தின் அறிவிப்பில் வந்துவிடும். நமக்கு மட்டும் தெரிந்தது 19 வயதில் அவர் எப்படி இருந்தார் என்பது. அதை எழுதுங்கள். என் அறைத்தோழியைப் பற்றி எழுதும்போது, தேர்வுக்கு முந்திய இரவுகளில் விளக்கை அணைத்த பிறகு இருட்டில் வினைச் சமன்பாடுகளைச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போவாள் என்று எழுதினேன். அவளுடைய மகன் அதைப் படித்துவிட்டு, அம்மா கடைசிவரை தூக்கத்தில் ஏதோ முணுமுணுப்பார், என்னவென்று எங்களுக்குத் தெரியாது என்று எழுதினான்.

மறைந்தவரின் துணையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். சில வாரம் கழித்து, "மடலைத் தொடர்ந்து உங்களுக்கு அனுப்பலாமா?" என்று கேளுங்கள். எங்கள் பட்டியலில் இப்படி ஐந்து பேர் இருக்கிறார்கள். வேண்டாம் என்றவர்களும் உண்டு, அதற்கு மறுபேச்சு இல்லை.

உயிரோடு இருப்பவர்களிடம் ஒன்றை நினைவூட்டுங்கள். கூகுளில் கணக்கு நெடுநாள் பயன்படாமல் இருந்தால் அதிலுள்ளவை யாருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி 2013 முதல் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் மறைவுக்குப் பின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கும் வசதி 2015-இல் வந்தது. மறைந்த நண்பர் ஒருவர் ஸ்கேன் செய்துவைத்திருந்த சுற்றுலாப் படங்கள் முழுவதும் அவர் கணக்கிலேயே பூட்டிக் கிடக்கின்றன. யாராலும் திறக்க முடியவில்லை.

அனுப்புவது

எழுத்தளவு 16 புள்ளிக்குக் குறையக் கூடாது, வரிகளுக்கு இடையில் நல்ல இடைவெளி வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் முகவரிகளை, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி மறைக்கும் மறைநகல் (Bcc) கட்டத்தில் போடுங்கள். மூவருக்குத் தாளில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்புகிறேன். பார்வை மங்கிய இருவருக்கு நானே படித்துப் பதிவுசெய்து குரல் செய்தியாக அனுப்புகிறேன். இதற்காகவே வாக்கியங்களைச் சிறிதாக எழுதப் பழகினேன். வாட்ஸ்அப்பில் மடலுக்கென்று தனிக் குழு வைத்து, நிர்வாகி மட்டுமே செய்தி போடலாம் என்று அமைத்துவிட்டால் மடல் மற்றவற்றில் புதையாது.

வீட்டு முகவரி, தொலைபேசி எண், வெளியூர் போகும் தேதி ஆகியவற்றை மடலில் எழுத வேண்டாம். மடல் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. நண்பர் பெயரில் "அவசரம், பணம் தேவை" என்று செய்தி வந்தால் நோட்டில் இருக்கும் பழைய எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே எதையும் செய்ய வேண்டும். இப்போது குரலையே போலியாக உருவாக்குகிறார்கள். எங்கள் செட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது: பணம் என்ற பேச்சு வந்தால் கல்லூரி நாளைய கேள்வி ஒன்றைக் கேட்போம். அதன் பதில் எங்கேயும் எழுதப்பட்டதில்லை, எங்கள் 30 பேருக்கு மட்டும் தெரியும்.

இந்த வேலைக்கு ஒரு வாரிசை முதல் ஆண்டிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். உங்களைவிட இளையவராக இருக்க முடியாது, எல்லோரும் ஒரே செட். ஆகவே இருவராகப் பிடியுங்கள். நான் நோட்டின் ஒளிநகலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவருக்கும் அனுப்புகிறேன். கடிகாரம் பழுதுபார்க்கும் நண்பர் அவர்களில் ஒருவர். ஒவ்வொரு மடலிலும் என் ஐந்து வரியை எழுதுவது அவர்தான். சென்ற மாதம் என் வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அழைத்து, அதை எழுதலாமா, எந்தச் சொல்லால் எழுதுவது, படித்தவர்கள் உங்களை அழைக்கலாமா என்று வரிசையாகக் கேட்டார். எழுதுங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அழைக்கச் சொல்லுங்கள் என்றேன்.